சாவி திரும்பக் கிடைக்காத திங்கட்கிழமை

விசுவாசக் குடும்பத்தாரே, என் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை மறைத்தால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும்.

எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்று ஆண்டு மருத்துவமனையிலேயே தங்கி, குடும்ப மருத்துவத்தில் பயிற்சி பெற்றவன் நான். பிரசவம், குழந்தைக் காய்ச்சல், முதியவரின் மூச்சுத்திணறல் எல்லாம் பார்ப்பேன். வேலை கேட்டுப் போன இடமெல்லாம், "இருதயமா, எலும்பா, எதற்கு டாக்டர் நீங்கள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 1985 ஏப்ரல் 1, திங்களன்று ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் சேர்ந்தேன்.

வேலை பதினொரு மாதத்துக்கு மட்டும். பிறகு ஒரு நாள் 'பிரேக்'. டிஸ்பென்சரிச் சாவியைக் கொடுத்துவிட்டு மறுநாள் புது ஆளாகச் சேர வேண்டும். யாரும் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதாம்! இரண்டு முறை வாய்மூடிச் செய்தேன்.

1987 டிசம்பரில் மேனேஜர் என் நோயாளிப் பதிவேட்டைப் புரட்டினார். குரோம் உப்பில் தோலைப் பதப்படுத்தும் டிரம்மில் வேலை செய்கிறவர்களின் விரல்களில் குழிகுழியாகப் புண் விழும். 'குரோம் புண்' என்று தேதியோடு எழுதியிருந்தேன். வேலையால் வந்ததல்ல என்று காட்ட, 'வீட்டுச் சொறி' என்று மாற்றச் சொன்னார். மறுத்தேன்.

"நீங்க இன்னா பெரிய ஸ்பெஷலிஸ்டா சார்? உங்கள மாதிரி டாக்டருங்க கியூவுல நிக்கிறாங்க."

மூன்றாவது பிரேக் 1988 ஜனவரி 3, ஞாயிறு. மனைவிக்கு ஆறாம் மாதம். குடியிருந்த வீடும் கம்பெனி வீடு. ஆலயத்தில் முழங்காலில் நின்று சண்டை போட்டேன்: "ஆண்டவரே, நீரும் என்னைப் பதினொரு மாதத்துக்குத்தான் அழைத்தீரா? வேலையைத் திருப்பித் தாரும்."

திங்கள் காலை கேட்டிலேயே நிறுத்தினார்கள். சாவி வேறொரு டாக்டரிடம் போயிருந்தது.

டிரம் தொழிலாளி யாகூப் பாய் வெளியே வந்தார்.

"பேஜாராவாதீங்க டாக்டர். ஒரு நாள் நிப்பாட்டி மறுநாள் சேத்துக்கறது எங்களுக்கும்தான். புது ஆளா சேத்துக்க 'ஒடம்பு நல்லாகீது'ன்னு சீட்டு எழுதிக் குடுத்தது யாரு? நீங்கதான்."

அந்தச் சீட்டுகளில் எத்தனை முறை கையெழுத்துப் போட்டிருப்பேன்! ஒருமுறைகூட எனக்குக் கோபம் வரவில்லை. என் தலையில் விழுந்தபோதுதான் வந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "எங்க முன்ரூமு காலியா கீது. அங்க ஒக்காருங்க. இருக்கறத இருக்கறபடி எழுத எங்களுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார்.

நான் கேட்ட வேலையை ஆண்டவர் தரவில்லை. ஜனவரி 6, புதன்கிழமை, யாகூப் பாய் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். முதல் நாளே பதினேழு பேர். ஏப்ரலில் மகள் பிறந்தாள். ஆகஸ்டில் யூனியன்காரர்கள் 'குரோம் புண்' என்று நான் அங்கே எழுதிய சீட்டுகளைக் கட்டாக எடுத்துப்போய்ப் போராடி, டிரம் ஆட்களுக்குக் கையுறை வாங்கித் தந்தார்கள். அன்று ஜெபத்தில் நான் வாய்விட்டு அழுதேன். ஆண்டவருக்கே நன்றி.

உங்களுக்கும் அநியாயம் நடந்திருக்கிறதா? கோபத்தோடேயே ஜெபியுங்கள், அவர் தாங்குவார். எழுந்திருக்கும்போது மட்டும், பக்கத்தில் நிற்கிறவரின் கைகளைப் பாருங்கள்.