லிஃப்ட்காரரையும் சேர்த்து

ஆஸ்பத்திரி லிஃப்டில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்த மனிதரை யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்று கேட்டால், இருக்காது. லிஃப்டுக்குள் வருகிறவன் மேலே ஓடுகிற எண்ணைப் பார்ப்பான், தன் செருப்பைப் பார்ப்பான், கையிலிருக்கும் எக்ஸ்ரே உறையைப் பார்ப்பான். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்க மாட்டான். இவருக்குப் பெயரே லிஃப்ட்காரர் என்று ஆகிவிட்டது. ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் சர்ச் சபையில் அதே பெயர்தான்.

அந்த லிஃப்டில் ஒரு தகடு உண்டு. 'எட்டு பேர், லிஃப்ட் இயக்குபவர் உட்பட' என்று அதில் எழுதியிருக்கும். பார்வையாளர் நேரத்தில் ஜனம் முட்டி மோதி ஏறும். பஸ்ஸர் அலறும். "ஒருத்தர் இறங்குங்க" என்பார் இவர். அவர்கள் தங்களுக்குள் எண்ணிப் பார்ப்பார்கள். "எட்டு பேர்தானே இருக்கோம்?" இவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். "அட, நீங்க வேற இருக்கீங்களா!" ஒரு தடவை ஒரு மகராசன், "அப்போ நீங்க இறங்கிக்குங்களேன்" என்றே சொல்லிவிட்டான்.

இதைக் கேட்டு இவர் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். அதோடு விட்டாளா? தினமும் சாயங்காலம் இவர் சட்டையைக் கழற்றுவதற்குள் ஒரு கேள்வி வரும். "என்ன, இன்னைக்கு உங்களை எண்ணினாங்களா?"

"எங்கே! எட்டும் அவங்களேதான்."

"சரி வாங்க. நான் எண்ணிட்டேன், ஒண்ணு." டம்ளரை நீட்டுவாள்.

இருபது வருஷத்துக்கு மேல் அலுக்காமல் நடந்த வேடிக்கை இது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அதே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். அதற்குள் தானியங்கி லிஃப்ட் வந்துவிட்டது. அவளைக் கீழே கொண்டுவந்த அன்று மூலையில் ஸ்டூலும் இல்லை, ஆளும் இல்லை. பட்டனை இவரே அழுத்தினார்.

பைபிளில் வருகிற இடங்களுக்கெல்லாம் சபையில் பயணம் போகிறார்கள் என்று தெரிந்ததும் வெளியூரில் இருக்கிற மகள் போன் போட்டாள். "அம்மா ஆசை ஆசையா சொல்லிட்டிருந்த இடம்ப்பா. நீங்களாவது போயிட்டு வாங்க." இவருக்கும் வீட்டில் சுவரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. போனார்.

போதகரை விட்டுவிட்டு மொத்தம் முப்பத்தொரு பேர். பதினைந்து ஜோடி, கடைசியாக இவர். பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று என்பார்களே, அந்தக் கணக்கு. பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் தொப்பியை வைத்துக்கொண்டார். எல்லார் பெட்டியையும் மேலே ஏற்றி வைத்தார், இறக்கியும் கொடுத்தார். பழக்க தோஷம்.

போதகர் நல்ல மனிதர்தான், ஆனால் புத்திசாலி என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு. தலையை எண்ணினால் தப்பு வரும் என்று சொல்லி அவரே ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். பஸ் கிளம்புமுன் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் உங்க பக்கத்து சீட்டைப் பாருங்க. ஆள் இல்லைன்னா கை தூக்குங்க" என்பார். யாரும் தூக்காவிட்டால் வண்டி நகரும். முதல் நாள் லிஃப்ட்காரரின் கை பாதி எழுந்தது. சும்மா இருக்கிற சங்கை ஊதுவானேன் என்று இறக்கிக்கொண்டார். தொப்பி அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

மூன்றாம் நாள், கல்யாண வீட்டில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய அந்த ஊருக்குப் போனார்கள். அங்குள்ள ஆலயத்தில் தம்பதிகள் கைகோத்து நின்று மறுபடி திருமண உடன்படிக்கை சொல்வது வழக்கமாம். அறுபது வயதுப் பெண்கள்கூடப் பவுடர் போட்டு, கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட்காரர் வெளியே மதிலோரத்து பெஞ்சைத் தேடிப் போனார்.

சபைப் பொருளாளரின் மனைவி ஓடிவந்தார். "அண்ணே, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க. போட்டோல பையோட நின்னா நல்லாவா இருக்கும்?"

"குடுங்கம்மா."

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து போதகரின் குரல் கேட்டது. இன்பத்திலும் துன்பத்திலும், வியாதியிலும் ஆரோக்கியத்திலும். பதினைந்து ஆண்குரல்கள் சொல்லின, பிறகு பதினைந்து பெண்குரல்கள். இவர் உதடும் அசைந்தது. வியாதி என்ற இடத்தில் நின்றுவிட்டது. அவள் வியாதிக்கு இவர் பக்கத்தில் இருந்தார். தனக்கு ஒன்று வந்தால் யார் என்ற கேள்வி இருக்கிறதே, அதை அவர் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். அது கூடவே வந்திருக்கிறது.

சத்தம் அடங்கியது. வேறொரு பாஷை பேசுகிற கூட்டம் உள்ளே போனது. நம்மவர்கள் இந்த வாசலால் வரவில்லையே என்று எழுந்து பார்த்தார். பின்வாசல் படிக்கட்டில் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே இறங்கிப் போயிருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் பஸ் திரும்புவது தெரிந்தது. கை நீட்டினார், கத்தவில்லை. போன் பஸ்ஸிலே சார்ஜில் கிடந்தது.

மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பயம் என்று சொல்ல முடியாது. பட்டப்பகல், திரும்பி வரத்தான் போகிறார்கள். யார் முதலில் கவனிப்பார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மணி பதினொன்று இருபது. முன் சீட்டு வாத்தியார் தம்பதி பார்ப்பார்கள், தினமும் பெட்டி ஏற்றிக் கொடுக்கிறோமே என்று நினைத்தார். பன்னிரண்டுக்கு, வாத்தியார் தூங்கியிருப்பார், போதகர் பார்த்திருப்பார் என்று மாற்றிக்கொண்டார். பன்னிரண்டரைக்கு வாசல்காரன் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான். ஒரு மணிக்கு, யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'லிஃப்ட்காரர் எங்கே' என்று கேட்டிருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

பஸ் வந்தபோது ஒன்று பத்து. பொருளாளர் மனைவிதான் முதலில் குதித்து ஓடிவந்தார்.

"பை இருக்கா அண்ணே?"

"இருக்கும்மா."

"ஸ்தோத்திரம்! பாஸ்போர்ட்டெல்லாம் அதுலதான். உயிரே இல்ல எனக்கு."

"நான் இல்லைன்னு எப்போம்மா பாத்தீங்க?"

பாவம், அந்த அம்மாவுக்குச் சூது தெரியாது. "சாப்பிட்டு முடிச்சு மாத்திரை போட பையைத் தேடினேன் அண்ணே. உங்ககிட்ட குடுத்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம்தான் உங்களைத் தேடினோம். உங்களுக்கு பார்சல் கட்டி வச்சிருக்கு."

"சரிம்மா" என்றார். பையை நீட்டினார். வந்தது கோபம் என்று நினைத்தார். அது அழுகை.

போதகர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டு ஒரு ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆடு கடைசி சீட்டில் ஆறிப்போன பார்சலோடு உட்கார்ந்திருந்தது. அந்த ஆடு தானாக வழி தவறியது, நான் அவர்கள் பையைக் கொடுத்த இடத்திலேயேதானே உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த மேய்ப்பன் ஆட்டைத்தான் தேடினான், ஆட்டின் கழுத்திலிருந்த பையை அல்ல.

மறுநாள் காலை இயேசு ஞானஸ்நானம் பெற்ற ஆற்றுக்குப் போய்விட்டு ஏறினார்கள். ஈரத் துண்டும் பாட்டிலில் பிடித்த தண்ணீருமாக ஒரே கலகலப்பு. போதகர் மைக்கைப் பிடித்தார். "பக்கத்து சீட்டைப் பாருங்க. ஆள் இல்லைன்னா கை தூக்குங்க."

நேற்று அத்தனை நடந்தும் இன்றைக்கும் அதே கேள்வி. லிஃப்ட்காரர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். கையைத் தூக்கினார். முழுதாகத் தூக்கினார்.

"யாரு? யாரு வரல?" போதகர் பதறிவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது.

"என் வீட்டுக்காரி வரலைங்க ஐயா."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டார்கள்.

"மூணு வருஷம் ஆச்சு, பக்கத்துல ஆள் இல்லை. நீங்க கேக்குறப்பெல்லாம் கை தூக்கணும்னுதான் வரும். அசிங்கமா இருக்கும்னு விட்டுடுவேன்." கையை இறக்கவில்லை. "அவ இல்லைங்க ஐயா. நான் இருக்கேன். என்னையும் சேத்து எண்ணுங்க."

போதகர் மைக்கை வைத்துவிட்டு முன் சீட்டிலிருந்து விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்து வந்தார். பையை மடியில் வைத்திருந்த அம்மா தலைகுனிந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். முப்பது. கடைசி வரிசையில் வந்து நின்று, லிஃப்ட்காரரின் தோளைத் தொட்டார்.

"முப்பத்தொண்ணு."

பஸ் கிளம்பியது. பேச்சும் பாட்டும் மெல்ல மெல்லத் திரும்பின. லிஃப்ட்காரருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிற அதே முகத்தோடு, "எண்ணிட்டாங்க" என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினார்.

தொப்பிதான் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.