நோம்பிக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி. சிஸ்டம் ஃபைல் ஒன்று காணவில்லை அல்லது கெட்டுப்போயிருக்கிறது, அதனால் திறக்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னது. பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டு முன்னறையில் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். அதைப் படித்து முடிப்பதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். என் மனைவிதான்.

முந்தின நாள் பொங்கல் நோம்பிக்கு வீட்டை ஒதுக்கினாள். ஒட்டடை அடித்து, பரண் சாமானை இறக்கித் துடைத்து, கடைசியில் கம்ப்யூட்டரையும் துடைத்தாள். அதோடு விட்டாளா? "ஏனுங்க, உள்ளாரயும் சுத்தம் பண்ணிப்போட்டனுங்க. கண்டது கடியதெல்லாம் கெடந்துச்சு" என்று சாயங்காலம் பெருமையாக வேறு சொன்னாள்.

"யாரைக் கேட்டுத் தொட்டே?" என்று ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். லேத் பட்டறையில் இருபது வருஷம் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. தெரியாத வேலையில் எதற்குக் கை வைக்க வேண்டும், நாலு எழுத்து படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் எழுதி வெச்சது இருக்குதுங்களா?"

ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வறிக்கை. அந்த ஊரிலேயே பிறந்தும் கொண்டை ஊசி வளைவுகளில் இன்னும் வாந்தி எடுப்பாள். அப்படியும் நாலு முறை பஸ் ஏறிப் போய் அவர்களோடு பேசிக் குறிப்பெடுத்து வந்தாள். மகள் காலேஜ் சேர்ந்தபோது வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நாற்பத்திரண்டு பக்கம் அடித்திருந்தாள். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். வேறு பிரதி கிடையாது. பென் டிரைவ் வாங்கித் தருகிறேன் என்று தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கத்தும்போது அது மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

இரண்டு நாள் நானே மல்லுக்கட்டினேன். பட்டறைக்காரன் கை சும்மா இருக்குமா? மூடியைக் கழற்றினேன், தூசி ஊதினேன், மெமரி கார்டை உருவி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். பத்து தடவை அணைத்துப் போட்டேன். அதே நாலு வரி. ஒவ்வொரு தடவையும் அது வரும்போது சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை எறிந்தேன். அவள் வாயே திறக்கவில்லை. செய்த தப்புக்கு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலன்று மதியம் சிபியூவை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனேன். அங்கே சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம்.

"நோம்பி நாள்ல இதத் தூக்கீட்டு வந்துட்டீங்களேங்க" என்றார்.

மனைவி செய்த காரியத்தைச் சொன்னேன். பாய் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அவள் அழித்து ரீசைக்கிள் பின்னில் கிடந்ததையெல்லாம் திறந்து காட்டினார். யார் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, பழைய கரண்ட் பில்கள், ஒரே படம் மூன்று மூன்றாக.

"இதுல சிஸ்டம் ஃபைல் ஒண்ணுகூட இல்லீங்க. உங்க ஊட்ல நல்லாத்தான் சுத்தம் பண்ணியிருக்காங்க." பிறகு கேட்டார். "நீங்க எப்படிங்க ஆஃப் பண்ணுவீங்க? ஷட் டவுன் குடுத்துங்களா, நேரா சுவிட்சுலயேங்களா?"

பட்டறையில் மோட்டாரை எப்படி நிறுத்துவேனோ அப்படித்தான், சுவர் சுவிட்சில் ஒரே தட்டு. ஷட் டவுன் கொடுத்தால் அது ஐந்து நிமிஷம் முனகிக்கொண்டிருக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவள் சுத்தம் செய்த அன்றைக்கும் கடைசியாக அணைத்தவன் நான்தான்.

"அணையறதுக்கு முன்னால அது தனக்கு வேணுங்கறத எழுதி வெக்குமுங்க. பாதியில கரண்ட்ட நிறுத்துனா அரைகுறையா நின்னு போயிரும். அதுதான் கெட்டுப்போச்சு" என்றார் பாய்.

அந்த ஃபைலுக்குக் கம்ப்யூட்டரே அவ்வப்போது ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுமாம். பாய் கெட்டதை ஓரங்கட்டிவிட்டுப் பழைய நகலை அங்கே போட்டார். பத்து நிமிஷ வேலை. திரை வந்தது, நாற்பத்திரண்டு பக்கமும் வந்தது. அங்கேயே ஒரு பென் டிரைவ் வாங்கி அதில் ஏற்றிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அவள் சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு மேஜையில் வால்பாறைக் குறிப்பு நோட்டுகளைப் பரப்பி வைத்து, வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருபத்தைந்து தாளுக்கு மேல் எழுதி அடுக்கியிருந்தது. மூன்று நாளாக முதலிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறாள். நான் முன்னறையில் இருந்து கத்திக்கொண்டிருந்தபோதெல்லாம் அவள் இங்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எல்லாம் அப்படியே இருக்குது. ஒண்ணும் போகலே" என்றேன்.

"அப்படீங்களா!" என்று முகம் மலர்ந்தாள்.

"தப்பு உன்னோடது இல்ல. நான் சுவிட்சத் தட்டுனதுதான்."

"தெரியுமுங்க. அப்படி அணைக்கக் கூடாதுன்னு மக போன்ல எத்தன தடவ சொல்லியிருக்கா."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் கத்தறப்ப ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா இன்னுங் கொஞ்சம் கத்துவீங்க. சத்தம் கேட்டா எனக்கு எழுத வராதுங்க. திங்கக்கெழமைக்குள்ள முடிக்கோணுமில்லீங்களா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால் பொங்கும் முன் அடுப்பைக் குறைத்தேன் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் இப்படி எத்தனை தடவை தப்பே செய்யாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்க நினைத்தேன். எண்ணிச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.