நுனி ஒடிந்த வெண்டைக்காய்

இணையத்தில் காய்கறி வாங்கும் வசதி அப்போதுதான் பெங்களூருக்கு வந்திருந்தது. எனக்கு அதில் ஒரே ஒரு குறை. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்க முடியாதே! அதனால் குறிப்பு எழுதும் கட்டத்தில், 'நுனியை ஒடித்துப் பார்த்துப் போடவும்' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டேன்.

மறுநாள் வந்த அரைக் கிலோவில் ஒன்றுக்குக்கூட நுனி இல்லை. யாரோ ஒடித்துப் பார்த்துக் கழித்ததை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்துப்போய், போன் செய்து எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கத்தினேன். பேக்கிங் செய்த பெண்ணிடமே போனைக் கொடுத்தார்கள். என் கன்னடத்தைக் கேட்டதுமே அவள் தமிழுக்கு மாறினாள்.

"நீங்கதானே மேடம் ஒடிச்சுப் பாக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க? ஒண்ணு விடாம ஒடிச்சுப் பாத்தேன். முத்தலை எல்லாம் எடுத்துட்டு வேற போட்டேன். அது தப்பா மேடம்?"

"இல்லம்மா, தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அன்றைய பொரியலில் ஒரு முத்தல்கூட அகப்படவில்லை. மார்க்கெட்டில் நானே நின்று வாங்கினாலும் நாலைந்தைத்தான் ஒடித்துப் பார்ப்பேன்; மீதியை அப்படியே அள்ளிப் போட்டுக்கொள்வேன். முகம் தெரியாத எனக்காக அவள் அத்தனையையும் ஒடித்துப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த முறை அந்தக் கட்டத்தில், 'போன தடவை மாதிரியே' என்று மட்டும் எழுதினேன்.