சொன்னதைத் திருப்பிச் சொல்பவர்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றி முதல் வாரமே என்னிடம் புகார் வந்தது. அவருக்கு வேலை தெரியவில்லை என்பதல்ல புகார்.

"என்னா சொன்னாலும் அதையே நம்மகிட்ட திருப்பிச் சொல்றாரு மேடம். பேஜாரா கீது" என்றார் மெக்கானிக்குகளில் மூத்தவர்.

திண்டிவனத்தில் டிராக்டரும் நெல் அறுவடை இயந்திரமும் விற்று, பழுது பார்த்தும் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. பழுது பார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். புதியவர் கோட்டக்குப்பத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர். வளைகுடாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்தவர். விவசாயிகளின் போனை எடுத்து, எங்கே என்ன பழுது என்று கேட்டு, மெக்கானிக்கை அனுப்பிவைப்பதுதான் அவர் வேலை. மெக்கானிக்குகள் அவரை எதிரில் பாய் என்றும் முதுகுக்குப் பின்னால் ரேடியோ என்றும் கூப்பிட்டார்கள். ரேடியோ என்று பெயர் வைத்தது அந்த மூத்தவர்தான்.

புகாரைக் கேட்டதும் எனக்குக் கோபத்தைவிட ஆவல்தான் வந்தது. என் மேசையை அவர் பேசுவது காதில் விழும் தூரத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டேன். மின்விசிறிக் காற்று வரவில்லை என்று காரணம் சொன்னேன்.

கவனித்துப் பார்த்தால் அவர் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லவில்லை. திட்டு, புலம்பல், குடும்பக் கதை எல்லாவற்றையும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்வார். முடிவில் எந்த இடம், என்ன சாமான், எப்போது என்பதை மட்டும் எடுத்து, தலையை லேசாகச் சாய்த்து, சொன்னவரிடமே சொல்வார். அப்போதுதான் வேடிக்கை நடக்கும். சொன்னவரே தான் சொன்னதை மாற்றுவார்.

"நாளைக்குக் காலைல ஆள் வரணும், அதானுங்களே?"

"இல்ல இல்ல, காலைல நான் வயல்ல இருக்க மாட்டேன். மத்தியானமா அனுப்புங்க."

ஒரு நிமிஷம் முன்னால் காலை என்று அடித்துச் சொன்னவர் அவரேதான். ஒருவர் வாயிலிருந்து போன வார்த்தை இன்னொருவர் வாயிலிருந்து திரும்பி வரும்போது ஏன் மாறிப்போகிறது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்கிறவர் மனசில் முழுப் படமும் இருக்கிறது. அதனால் பாதியைச் சொன்னாலும் முழுதும் சொல்லிவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றுகிறது. அந்தப் பாதி மட்டும் அடுத்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் விட்டுப்போனது கண்ணில் படுகிறதோ என்னவோ.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். காலையில் கிளம்பும்போது என் கணவர், "வரும்போது காப்பித்தூள் வாங்கிக்கினு வா" என்றார்.

"சாயந்திரம் வரும்போது காப்பித்தூள் வாங்கிக்கினு வரணும். அதானே?"

"ஏன், காது கேக்கலயா? இல்ல, கிண்டலா?"

சாயந்திரம் நான் திரும்பியபோதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதே வார்த்தைகள்தான், அதே தலைசாய்ப்புதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தபோது அது குத்தலாகிவிட்டது. இது இன்னும் ஆவலைக் கிளறியது.

அலுவலகத்திலும் எல்லோரிடமும் அவர் வழி செல்லுபடியாகவில்லை. ஒரு நாள் முதலாளி வந்து, "அந்த விக்கிரவாண்டி டிராக்டர ஜல்தியா முடிச்சுக் குடுத்துடுங்கப்பா" என்றார்.

"விக்கிரவாண்டி டிராக்டர், ஜல்தியா. இன்னிக்குள்ளயா சார், நாளைக்கா?"

"ஜல்தின்னா ஜல்திதான். என்னையே கேள்வி கேக்கறீங்களா?"

முதலாளி விருட்டென்று உள்ளே போய்விட்டார். வெளியே மெக்கானிக்குகள் கையிலிருந்த வேலையையெல்லாம் போட்டுவிட்டு அந்த டிராக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் கொஞ்ச நேரம் கழித்து முதலாளி அறைக்குப் போய், "ஜல்தின்னா எப்ப சார்? மத்த வண்டிங்கள எப்படி நிறுத்தி வெக்கறதுன்னு பாக்கத்தான் கேக்கறேன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வாரக் கடைசிக்குள்ள முடிஞ்சா போதும்மா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்று டீக்கு நிறுத்தியபோது, "தம்பி, இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்துது?" என்று புதியவரைக் கேட்டேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அங்க லாரி பட்டறைல வேல மேடம். நாலு தேசத்து ஆளுங்க. ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குப் புரியாது. எல்லாத்துக்கும் தலைய ஆட்டிடுவோம். ஒரு நாள் லாரிய ஜாக்கில தூக்கி வெச்சிருக்கோம். அடியில ஒரு ஆளு படுத்துக்கினு வேல செய்யறாரு. ஃபோர்மேன் தூரத்துலருந்து, இறக்காதேன்னு கத்தறாரு. எனக்கு இறக்குன்னு மட்டுந்தான் புரிஞ்சுது. சரி சார்னு தலைய ஆட்டிட்டு இறக்கிட்டேன்."

"ஐயோ! அப்புறம்?" என்றேன்.

"அடியில இருந்தவரு கத்தினாரு. உருண்டு வெளிய வந்துட்டாரு. சட்ட மட்டும் மாட்டிக்கினு கிழிஞ்சுது. ஃபோர்மேன் என்னைத் திட்டவே இல்ல மேடம். அன்னைலருந்து எதச் சொன்னாலும் திருப்பிச் சொல்லச் சொல்லுவாரு. பாஷ தெரியலன்னா கையால காட்டணும். இங்க எல்லாருக்கும் தமிழ்தான, திருப்பிச் சொல்ல வேணாம்னு நெனைச்சுத்தான் வந்தேன். மொத நாளே பாத்தா, இங்கயும் அதேதான் நடக்குது."

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அவர் தொழுகைக்குப் போயிருந்தார். போன் அடித்தது, நான் எடுத்தேன்.

"வளவனூர்லருந்து பேசறேன். வண்டி நின்னுபோச்சும்மா. பெரிய பெல்ட்டு அறுந்துபோச்சு. கதிரு முத்திப்போய் நிக்குது. உடனே ஆள் அனுப்புங்க!"

வளவனூரில் அறுவடை இயந்திரம் வைத்திருக்கும் விவசாயி. குரல் தெரிந்ததுதான். ஜன்னல் வழியாக மூத்த மெக்கானிக்கிடம், "வளவனூர், பெரிய பெல்ட்டு" என்று குரல் கொடுத்தேன். அவர் பெல்ட்டை எடுத்து பைக்கில் கட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் திருப்பிச் சொல்லிப் பார்ப்போமே என்று எனக்குத் தோன்றியது.

"வண்டி வளவனூர்ல நிக்குது, பெரிய பெல்ட்டு..."

"அதான் சொன்னேனேம்மா! சொன்னதையே சொல்லிக்கினு இருக்கீங்க. இங்க மழ வரப்போவுது!"

காப்பித்தூள் கதைதான் மறுபடியும். ஆனால் இந்த முறை போனை வைக்க மனம் வரவில்லை. இவருக்கு இப்போது என்ன வேண்டும்? தன் அவசரம் எனக்குப் புரிந்ததா என்று தெரிய வேண்டும். முதலில் அதைச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"முத்தின கதிரு நிக்குது, வானம் கருத்துக்கினு வருது. உங்க பதட்டம் எனக்குப் புரியுதுங்க. ஆள் கிளம்பிக்கினு இருக்காரு. அவர தப்பான எடத்துக்கு அனுப்பிடக் கூடாது, அதுக்காகத்தான் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறேன். வளவனூர்ல உங்க வயல்ல, பெரிய பெல்ட்டு. சரிங்களா?"

எதிர்ப்பக்கம் குரல் இறங்கியது.

"வளவனூர்லயா? நான் வீட்லருந்து பேசறேம்மா. வண்டி கிளியனூர்ல கீது. கிளியனூர் தாண்டி, ரோட்டோரமா. வாடகைக்குப் போயிருக்குது."

போனை அப்படியே மேசையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். மெக்கானிக் பைக்கைக் கிளப்பி விழுப்புரம் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். "அண்ணே! கிளியனூர்! பாண்டி ரோட்ல போங்க!" என்று கத்தினேன். அவர் நின்று திரும்பிப் பார்த்தார். "கிளியனூரா? வளவனூர் இல்லயா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார். என்னைத் திருப்பிக் கேட்டவர், ரேடியோ என்று பெயர் வைத்த அதே ஆள். அது அவருக்கே தெரிந்திருக்காது.

சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. விவசாயி போன் செய்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "ஓரமா கொஞ்சம் கதிரு படுத்துக்கிச்சும்மா. மீதிய அறுத்துத் தார்ப்பாய் போட்டாச்சு" என்றார். அந்த ஓரத்துக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. மீதிக்காக, சொல்லத் தெரியாத ஒரு நிம்மதி.

அதற்கு முன்பே, மத்தியானம் தொழுகை முடிந்து திரும்பியவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் பெல்ட்டைப் பற்றியோ வயலைப் பற்றியோ கேட்கவில்லை. "அவரு கோவம் எந்த எடத்துல அடங்குச்சு மேடம்?" என்றார். நான் பேசியதை அப்படியே சொல்லிக் காட்டினேன்.

"தப்பான எடத்துக்கு அனுப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்களே, அத நான் சொல்றதே இல்ல. எதுக்குக் கேக்கறேன்னு சொல்லாமலே கேட்டுக்கினு இருக்கேன். அதான் எல்லாரும் சண்டைக்கு வர்றாங்களா?"

அவர் முகத்திலும் இப்போது ஆவல்தான் இருந்தது. மறுநாளிலிருந்து முதலாளியிடம், "ஆளுங்கள பிரிச்சு விடணும் சார், அதுக்காகக் கேக்கறேன். எப்ப வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தார். முதலாளி முதல் தடவை முறைத்தார். அடுத்த தடவையிலிருந்து நாளைக் குறிப்பிட்டே பேசினார்.

முதலாளிக்கு இது பிடித்துப்போய்விட்டது. 'சொன்னதைத் திருப்பிச் சொல்லவும்' என்று பெரிய எழுத்தில் போர்டு எழுதி போனுக்கு மேலே மாட்டலாம், எழுதுகிறவரையும் வரச் சொல்லியாச்சு என்றார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். கோட்டக்குப்பத்துக்காரர் முந்திக்கொண்டார்.

"வேணாம் சார். போர்டு போட்டா எல்லாரும் ஒப்பிக்க ஆரம்பிச்சுடுவாங்க. காது போனுல இருக்கும், மனசு வேற எங்கயோ இருக்கும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கோட்டக்குப்பத்துக்காரரைப் பார்த்தேன். போர்டு எழுதுகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.