பக்கத்து சீட்டின் சூடு

திருத்தணியில் கார் சீட்டுக்குச் சூடு கேட்டு என் ஒயரிங் கடைக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். பள்ளிப்பட்டுக்காரர், குட்டையான உருவம், நெற்றி நிறைய விபூதி. ரிமோட்டை அமுக்கி வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே பக்கத்து சீட்டின் ஹீட்டரும் ஓட வேண்டும், மனைவி வந்து உட்காருவதற்குள் சீட்டு சூடாகிவிட வேண்டும் என்றார். அது மார்கழி.

“தறியில குந்திக் குந்தி அவளுக்கு இடுப்பே போச்சுங்க. சுவிட்ச் மட்டும் வேணாம். பெட்ரோல் போவுதுன்னு அணைச்சிடுவா.”

அப்படியே இணைத்துக் கொடுத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

சித்திரையில் இருவரும் வந்தார்கள். அவர் டீ குடிக்கப் போனதும் அந்த அம்மா மெல்லச் சொன்னார்: “நைனா, சீட்டு சுடுது. ஆசையா செஞ்சிட்டு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருக்கிறாரு, எப்படிச் சொல்றது? அவருக்குத் தெரியாம ஒரு சுவிட்ச் போட்டுடு.”

சீட்டுக்கு அடியில், அந்த அம்மாவின் கைக்கு மட்டும் எட்டும்படி ஒரு சுவிட்ச் வைத்து, ஹீட்டரை அணைத்தும் விட்டேன்.

டீ குடித்துவிட்டு வந்தவர் ரிமோட்டை அமுக்கி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, புறங்கையால் சீட்டைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். வெயிலில் நின்ற வண்டி, சூடாகத்தான் இருந்தது.