சூட்டுப் பையும் சமையலறை வாசலும்

எங்கள் வீட்டில் இதுவரை நடந்த ஒரே புரட்சி சோடியம் அசிடேட்டால் நடந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மூன்றாவது மாடியில் எங்கள் பிளாட். அப்பா, அம்மா, பிளஸ் டூ படிக்கும் அக்கா, எட்டு வயசு நான், இவர்களோடு அப்பாவின் மூத்த சகோதரியான அத்தை. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைப் படிக்க வைத்ததே அவள் சம்பளம்தான். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுச் சட்டங்களை எல்லாம் அவள்தான் இயற்றினாள், அப்பா வழிமொழிந்தார்.

அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. அதில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு உலோகத் தகடு கிடந்தது. அமுக்கு என்றாள். அமுக்கினேன். டிக்கென்று ஒரு சத்தம். தகட்டிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பரவி, நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே பை முழுக்கக் கெட்டியாகிவிட்டது. அதோடு கை பொறுக்கும் அளவுக்கு நல்ல சூடு.

“உள்ள இருக்கறது சோடியம் அசிடேட்னு ஒரு உப்பும் கொஞ்சம் தண்ணியும்தான்,” என்றாள் சித்தி. “கொதிக்கற தண்ணில போட்டா உப்பு கரைஞ்சு சூட்டை வாங்கி வெச்சுக்கும். அப்புறம் பை ஜில்லுனு ஆறிப் போனாலும் அதை விடாது. தகட்டை அமுக்கினாத்தான் விடும். மறுபடி கொதிக்க வெச்சா மறுபடி ரெடி.”

எங்கள் அடுப்பிலேயே, பாத்திரத்துக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு, அதைக் கொதிக்க வைத்தும் காட்டினாள். எல்லோரும் சமையலறையில் கூடி நின்று பார்த்தோம். அத்தை பையை முழங்காலில் வைத்துக்கொண்டு “பேஷ்!” என்றாள்.

அந்தப் பை அக்காவுக்காக வந்தது. மாதாமாதம் அவளுக்கு வயிற்றுவலி உயிர் போகும். மாத்திரை போட்டால் வாந்தி. அரையாண்டுப் பரீட்சையில் கணக்குத் தாளைப் பாதி எழுதாமல் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். இப்போது பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சையும் அதே சமயத்தில்தான் வரப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. எல்லோரையும்விட அத்தைக்கு. வருஷம் முழுக்க அவள்தான் அக்காவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். வெந்நீர்ப் பையைத் தேர்வு அறைக்கு எடுத்துப்போக முடியாது. இதை ஆறிய பையாக இடுப்பில் செருகிக்கொண்டு போய், வலி வரும்போது ஒரு டிக்.

கணக்காக, பரீட்சைக்கு முந்தின சாயங்காலமே அக்காவுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சட்டப்படி, அதற்கு மூன்று நாள் பின்பக்கத்து அறை. அறை என்றால் பழைய சாமான் போடுகிற இடம். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். யாரையும் தொடக்கூடாது, சமையலறைப் பக்கம் தலைகாட்டக்கூடாது. அத்தையே ஒருகாலத்தில் அங்கே உட்கார்ந்தவள்தான். பள்ளியிலிருந்து வந்து, அந்தப் பாயில் சம்மணம் போட்டு விடைத்தாள் திருத்துவாள். அம்மா சோற்றுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அம்மாவுக்கு அதெல்லாம் நான் பிறந்ததோடு நின்றுவிட்டது என்று பேச்சு. அதனால் அக்காவின் முறை வந்தபோது அறை அவளுக்கே போனது.

காலையில் அந்தப் பை கல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ராத்திரி வலிக்கு அதை அமுக்கிவிட்டாள் அக்கா. என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். “அம்மாவைக் கொதிக்க வெச்சுத் தரச் சொல்லு. சீக்கிரம்டி, ஆறணும் வேற.” எனக்கு மட்டும் தொடச் சலுகை உண்டு. குழந்தைக்குத் தீட்டு ஒட்டாதாம்.

குழந்தைக்கு ஒட்டாது, பைக்கு ஒட்டும். சமையலறை வாசலில் அத்தை கையை நீட்டி மறித்தாள்.

“அங்கேயே நில்லு. அது உள்ள வரக்கூடாது.”

“போன வாரம் வந்துதே அத்தை?”

“போன வாரம் அவ தொடலை.”

“இப்பவும் உப்பைத் தொடலையே, பிளாஸ்டிக்கைத்தானே தொட்டா?”

வகுப்பில் ஒரு பெண் இப்படிக் கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பாள். என்னிடம் வாயை மூடு என்றாள். ஆனால் அவளுக்கும் தவிப்பு, பரீட்சை ஆயிற்றே. அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டார். யாருக்கும் பாதகமில்லாத ஏற்பாடு என்று அவருக்கு ஒரே பெருமை.

அப்போதுதான் அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, ஹாலைத் தாண்டி நேராக வந்து என் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள்.

“பக்கெட்டெல்லாம் வேண்டாம். நான் கேஸ்ல வெச்சுக்கறேன்.”

“வெந்நீர் எங்க வெச்சா என்னம்மா?” என்றார் அப்பா.

“அதைத்தான் நானும் கேக்கறேன். எங்க வெச்சா என்ன?”

“பரீட்சையும் அதுவுமா ஸ்வாமி கோபத்தைத் தேடிக்காதேடி,” என்றாள் அத்தை. “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எது நல்லதுன்னு என் வயித்தைக் கேளுங்கோ, அது சொல்லும். உங்க பக்கத்துல உக்காந்து வருஷம் பூரா கணக்குப் போடலாம், மூணு நாள் மட்டும் நான் பழைய சாமானா? முடியாது அத்தை. இனிமே அந்த ரூமுக்குப் போக மாட்டேன்.”

சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டினாள். அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். சாம்பாரை இறக்கி வைத்தாள். பெரிய பாத்திரத்தை எடுத்து, அடியில் துணி போட்டு, தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

“எனக்கும் இன்னிக்கு ரெண்டாம் நாள். நேத்திக்கு நீங்க சாப்பிட்ட ரசம், இப்போ இறக்கின சாம்பார், எல்லாம் நான் பண்ணினதுதான். ஸ்வாமி ஒண்ணும் பண்ணலையே.”

அக்காவுக்காக அம்மா பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட பொய்! எனக்குப் புல்லரித்தது.

“பொய் சொல்றே,” என்றாள் அத்தையும்.

“இத்தனை நாள் சொன்னதுதான் பொய். சின்னவ பொறந்ததுலேந்து சொல்லிண்டிருக்கேன்.”

அப்பா பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்பே தெரியுமா என்பதைப் பற்றி அந்த மனிதர் இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

அக்கா அம்மாவையே பார்த்தாள். “அப்போ என்னை மட்டும் ஏம்மா அங்க உக்கார வெச்சே?”

“ரெண்டு பொய் இந்த ஆத்துல தாங்காதுன்னு நெனச்சுட்டேன்டி. தப்புதான். வா, நீயே போடு.”

அக்கா பையைத் தண்ணீரில் போட்டாள். ஒரு துளி வெள்ளை மிச்சமிருந்தாலும் ஆறும்போது தானாகவே கெட்டியாகிவிடும் என்று சித்தி எச்சரித்திருந்தாள். மூன்று பேரும் குனிந்து நின்று, கடைசி வெள்ளையும் கரைகிறவரை பார்த்தோம். பச்சைத் தண்ணீரில் போட்டு ஆற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா கிளம்பினாள். அத்தை அன்று காலை சாப்பிடவில்லை.

மத்தியானம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். பாதியில் வலி பிடுங்கியதாம். டிக்கென்ற சத்தத்துக்குப் பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாளாம். ஒரு கணக்கு விடாமல் எழுதிவிட்டாள். பின்பக்கத்து அறைக்குப் போகாமல், சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் நடுவில் சட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருவரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. வந்தால் என்னிடம் வரட்டும்.

அத்தை மெதுவாக வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். “கொஸ்டின் பேப்பரைக் கொண்டா,” என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கணக்காக விடை கேட்டு டிக் செய்தாள். எல்லாம் சரி. பென்சிலைக் கீழே வைத்தாள். திரும்பிப் பின்பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

“அப்போ, சின்னவ பொறந்ததுலேந்து இவ உக்காரறவரைக்கும் அந்த ரூம்ல நான் மட்டும்தான் உக்காந்திண்டிருந்தேனா?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அத்தையின் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அது எவ்வளவு சின்ன அறை! ஒரு பாய் விரித்தால் கால் நீட்ட இடமிருக்காது. அதில் இன்னொருத்தி எப்படி உட்கார முடியும்? கணக்கு டீச்சருக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.