"இது எங்க நோவு இல்லீங்க"

என் அக்காவுக்குப் பல வருடங்களாக மனநோய் உண்டு. காதில் குரல்கள் கேட்கும். சென்ற ஆண்டு அது கூடியதால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் சேர்த்தோம். துணைக்கு நான் தங்கினேன்.

பக்கத்துப் படுக்கையில், மனச்சோர்வுக்காகக் கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த வயதான அம்மாள். ஒருநாள் காலை திடீரென்று வெறும் காற்றில் எதையோ பிடித்து இழுத்தபடி உளற ஆரம்பித்தார். "நோவு முத்திப்போச்சு" என்று அவர் மகள் அழுதாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அக்கா எழுந்து போய் அந்த அம்மாளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள்.

"இது எங்க நோவு இல்லீங்க சிஸ்டர். எனக்குக் குரல் கேக்கும், ஆனா எங்க இருக்கேன், பக்கத்துல யாருன்னு தெரியும். இவங்க பெத்த பொண்ணையே யாருன்னு கேட்டுகினு இருக்காங்க. நேத்து நல்லாதான் பேசினாங்க. உடம்பு வேற சுடுது."

நர்ஸ் உடனே டாக்டரை அழைத்துவந்தார். பரிசோதித்ததில் சிறுநீரில் கிருமித்தொற்று. அதுதான் புத்தியைக் குழப்பியிருந்தது.

"இந்த மாதிரி வார்டுல இப்படித் திடீர்னு புத்தி குழம்புறது அப்பப்போ வரும்மா. வயசானவங்களுக்கு ஜாஸ்தி. பழைய நோவுன்னு நெனச்சு விட்டுட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

சில நாட்களில் அந்த அம்மாள் தெளிந்து, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் என் அக்கா என்று வார்டு முழுக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.

முன்பெல்லாம் டாக்டர் அக்காவிடம் கேட்கும் கேள்விகளுக்கு நான்தான் பதில் சொல்வேன். இப்போது மாதாமாதம் டாக்டரைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்குப் போகும்போது, அவள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.

– ஒரு தங்கை, சங்கராபுரம்